இளங்குழந்தைக்கு வீட்டு ஆகாரம்

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் பகுதி, காவிரிப் பாசனத்தின் கடைமடையாகும். நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சிய ஈரத்திலேயே இங்கு உளுந்தும் பச்சைப் பயறும் விளைகின்றன. கடற்கரைக் குப்பங்களில் மீன் கிடைக்கிறது. ஆதலால் இளங்குழந்தைக்கு ஏற்ற ஆகாரம் செய்ய வேண்டிய பொருள்கள் உழவர் இல்லங்களிலேயே உள்ளன. டின்களில் அடைத்து விற்கும் மாவை வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால், பொருள் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. சமைக்கும் நீரும், பாத்திரமும், ஊட்டும் கையும் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

இதைக் காரைக்கால் மக்கள் அனுபவத்தில் அறிந்துள்ளனர். வயிற்றுப்போக்கும் காலராவும் பரவியதால், 2022-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் அங்குப் பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் 3 நாட்கள் மூடப்பட்டன. நீரைக் காய்ச்சிப் பருகுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். பெரியவர்கள் தாங்கும் பேதியைச் சிறு குழந்தை தாங்காது. அதன் உடலில் உள்ள நீர் சில மணி நேரத்திலேயே வற்றிவிடக்கூடும்.

எப்பொழுது தொடங்குவது?

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் தேவையில்லை. அதன் பின்னர் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச் சத்து குழந்தையின் வளர்ச்சிக்குப் போதாது. ஆகவே 6 மாதம் நிறைந்தவுடன் ஆகாரம் தொடங்கி, தாய்ப்பாலையும் 2 வயது வரை தொடர்தல் நன்று. தொடக்கத்தில் 2, 3 கரண்டி போதும். 8 மாதம் வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், பிறகு 3 அல்லது 4 வேளையும் ஊட்டலாம். ஒரு வயது நிறையும் வரை தேன் கொடுத்தல் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி சிசுக்களுக்குக் கொடிய நோயை விளைவிக்கும்.

மாவு தயாரிக்கும் முறை

அரிசி 3 பங்கும் பச்சைப் பயறு 1 பங்கும் எடுத்துக் கல், தூசி நீக்கிக் கழுவி, மெல்லிய துணியால் மூடி வெயிலில் உலர்த்த வேண்டும். விதைக்காக மருந்து கலந்து வைத்த தானியத்தை எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. இரண்டையும் தனித்தனியே மணம் வர வறுத்துப் பொடித்துச் சலித்து, ஈரமற்ற மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சிறிது சிறிதாகச் செய்துகொள்வதே நலம். பூஞ்சணம் பிடித்த மாவை எறிந்துவிட வேண்டும். அந்த நஞ்சு வறுத்தாலும் கொதித்தாலும் நீங்காது.

மாவைக் கட்டியின்றிக் கரைத்து, நன்கு கொதிக்கவிட்டு, கரண்டியைச் சாய்த்தால் சட்டென வழிந்தோடாத பதத்தில் இறக்க வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றி வலிமை தராது. மசித்த கீரை, பரங்கிக்காய், முள் நீக்கி வேகவைத்த மீன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்கலாம். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டா.

காலையில் காய்ச்சியதை மாலைக்கு வைப்பதே பெருந்தவறு. சோற்றிலும் கஞ்சியிலும் சில கிருமிகளின் வித்துகள் கொதியையும் தாங்கி நிற்கும். ஆறிய பின் அவை பெருகி நஞ்சைக் கக்கும். மீண்டும் சுட வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. எனவே ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சமைத்து, 2 மணி நேரத்திற்குள் ஊட்டிவிட வேண்டும். ரப்பர் காம்புள்ள புட்டியைத் தவிர்த்து, கொதிநீரில் இட்டெடுத்த கிண்ணமும் கரண்டியும் கொள்க. சமைக்குமுன்னும் ஊட்டுமுன்னும் தாய் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

பேதி கண்டால்

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை, அதில் குறித்துள்ள அளவின்படி, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி புகட்ட வேண்டும். தாய்ப்பாலையும் ஆகாரத்தையும் நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையை மருத்துவர் கூறும் அளவில் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். கண்கள் குழிவிழுந்தாலோ, குழந்தை பருக மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஊராட்சியின் கடமை

தாய் தன் பானையில் உள்ள நீரைக் காய்ச்சலாம். தெருவில் உடைந்த குழாயை அவள் செப்பனிட இயலாது. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாய்களைக் கண்டறிதல், கசிவுகளை அடைத்தல், மேல்நிலைத் தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவுதல், குளோரின் கலத்தல் ஆகியன ஊராட்சியின் பணிகள். குளோரினின் அளவைத் தொட்டியடியில் மட்டும் சோதித்தால் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும்.

பாசன நீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்று கவலையோடு பார்ப்பவர்கள் நாம். தூய குடிநீர் கடைசி வீட்டுக் குழந்தையின் கிண்ணத்தை அடைந்ததா என்பதையும் அதே கவலையோடு பார்ப்போமாக.