வெடித்த டயரின் சாட்சியம்

மோட்டார் வாகனத்தின் மற்ற உறுப்புகளில் எது பழுதுபட்டாலும் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே இவ்வளவு கடுமையான அபிப்பிராய பேதம் உண்டாவதில்லை. பாட்டரி இறங்கிப் போனால் கருவியை மாட்டிப் பார்த்த மாத்திரத்தில் அதன் நிலை தெரிந்துவிடுகிறது. விளக்கு எரியாவிட்டால் எரியவில்லை என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை. டயர் விஷயம் அப்படியன்று. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள் முதல் அதை ரிம்மில் ஏற்றியவர், காற்று அடித்தவர், பஞ்சர் ஒட்டியவர், பாரம் ஏற்றியவர், சாலையைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் ஆகிய அத்தனை பேருடைய சிரத்தைக்கும் அசிரத்தைக்கும் ஆளாகிக்கொண்டே அது உருள்வதால், ஒருநாள் அது வெடிக்கும்போது குற்றத்தை யார் மேல் வேண்டுமானாலும் சுமத்தலாம் என்ற நிலை ஏற்பட்டுவிடுகிறது. பெரும்பாலும் அது வாங்கியவர் தலையிலேயே வந்து விடிகிறது.

சங்ககிரிப் பக்கத்து டயர் கடை ஒன்றில் இத்தகைய விவகாரம் ஒன்றை நேரில் பார்க்க நேர்ந்தது. சொந்த லாரியைத் தாமே ஓட்டிப் பிழைக்கும் ஒருவர், பக்கவாட்டுச் சுவர் முழம் நீளத்துக்குக் கிழிந்து போன டயரைக் கடை வாசலில் உருட்டி வந்து படுக்க வைத்துவிட்டு, "அண்ணா, போட்டு நாலு மாசந்தானுங்க ஆச்சு. பட்டன் தேயக்கூட இல்லீங்க, நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார். கடைக்காரர் குனிந்து தொட்டுப் பார்த்தார். "பார்த்தேன் தம்பி. நான் வித்தவன், செஞ்சவன் இல்லியே. கிளெய்முக்கு எழுதி அனுப்பிச்சுடறேன். கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றார். வாரங்கள் கழித்து அந்த டயர் திரும்பி வந்தது. மோதலால் ஏற்பட்ட சேதம், ஆகையால் கிளெய்ம் கிடையாது என்ற தீர்ப்பும் தொலைபேசியில் வந்தது. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை விளக்கும் காகிதம் மட்டும் வரவில்லை. தாம் எதன்மேலும் மோதவில்லை என்று அந்த மனிதர் ஆணையிட்டுச் சொன்னார். கடைக்காரரும் அவர் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. ஆயினும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஏதும் இல்லாமல் இருவரும் நின்றார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். என் ஆட்சேபம் தீர்ப்பின்மேல் அன்று. அது கூறப்பட்ட முறையின்மேல்தான். ஏனெனில் வெடித்த டயர் வாயில்லாப் பொருள் அன்று. தன் அழிவின் காரணத்தை அது தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கட்சிக்காரர்களுள் ஒருவராக மட்டுமே இருக்கிறார் என்பதுதான் சங்கடம்.

தேர்ந்த ஒருவர் கிழிந்த இடத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. டயருக்குள் கையை விட்டு உட்சுவரைச் சுற்றிலும் தடவிப் பார்க்கிறார். காற்றுக் குறைந்த நிலையில் நெடுந்தூரம் ஓடிய டயராயின், அந்த உட்சுவரில் வட்டமாக ஒரு தேய்வுத் தடம் விழுந்திருக்கும். விரலில் கரிப்பொடி போல் ரப்பர்த் தூள் ஒட்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கில் பிறக்கும் உஷ்ணம், ரப்பர் உஷ்ணத்தை எளிதில் கடத்தாத பொருளாகையால், வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. பாரமும் வேகமும் சித்திரை வெயிலும் அதனோடு சேர்ந்துகொண்டால், ரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் பிணைத்து வைத்திருக்கும் பந்தம் தளர்ந்து போகிறது. பள்ளத்தில் விழுந்தோ கல்லில் மோதியோ ஏற்பட்ட சேதமாயின் அடையாளம் வேறு: இழைகள் பிய்ந்து தொங்காமல், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிய ஒரே கோட்டில் முறிந்திருக்கும். கார் டயர்களில் இந்த முறிவு உடனே வெடிப்பாக வெளிப்படுவதில்லை. இரண்டோர் இழைகள் அறுந்த இடத்தில் சுவர் மெல்ல வீங்கத் தொடங்கி, நாட்கள் சென்ற பிறகே கண்ணில் படுகிறது. அதற்குள் அந்தப் பள்ளத்தை ஓட்டியவர் மறந்தே போயிருப்பார். தாம் எதிலும் மோதவில்லை என்று அவர் சொல்வது அவர் மனமறிய உண்மைதான்.

இனி உற்பத்திக் குறை. ரேடியல் டயரின் மேற்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எஃகு தானாக ரப்பரோடு ஒட்டாது. அதனால் கம்பிகளுக்குப் பித்தளை முலாம் பூசுகிறார்கள். டயரை அச்சில் வைத்து வேகவைக்கும்போது, ரப்பரில் கலந்த கந்தகம் அந்த முலாமோடு கூடிப் பிணைப்பை உண்டாக்குகிறது. அந்த வேளையில் ஈரமோ தூசியோ காற்றுக் குமிழோ இடையில் சிக்கிவிட்டால், பட்டைகளின் ஓரத்தில் நுண்ணிய பிரிவு ஒன்று தோன்றி, ஓட ஓட உள்நோக்கிப் படர்கிறது. பிரிந்த இரு முகங்களும் நெடுநாள் ஒன்றோடொன்று உராய்ந்து பளபளவென்று வழுவழுப்பாகிவிடும். திடீரென்று பிய்ந்த முகமோ சொரசொரப்பாக இருக்கும். ஆனால் நேர்மையான பரீட்சகர்களும் வேறுபடக்கூடிய இடம் இதுவேதான். ஏனெனில், காற்றுக் குறைவால் எழுந்த உஷ்ணமும் இதே பட்டைகளை இதே ஓரத்தில்தான் பிரிக்கிறது. பஞ்சரான டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் பாராமல் வெளியிலிருந்தே ரப்பர்த் திரியைச் செருகிவிட்டால், அந்த வழியாக இறங்கும் ஈரம் கம்பிகளைத் துருவேற்றிப் பிணைப்பைக் கெடுப்பதும் உண்டு. ஆக, பல காரணங்கள் ஒரே காயத்தில் வந்து முடிகின்றன. இவ்வளவு நுட்பமான ஒன்றை, பொருளைச் செய்தவரே பரிசீலித்து, செய்தவரே ஒற்றை வரியில் நிர்ணயித்துவிடுவது நியாயமாகுமா?

கிளெய்ம் ஒப்புக்கொள்ளப்பட்டாலும் மனஸ்தாபம் முடிவதில்லை. புது டயர் இனாமாகக் கிடைக்கும் என்று வாங்கியவர் நினைத்திருப்பார். ஆனால் கம்பெனிகள் பொதுவாகத் தேய்மானத்துக்குக் கழிவு பிடிக்கின்றன. மேற்பட்டையிலுள்ள பட்டனின் ஆழம் புதிதில் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கார் டயரில் அது 1.6 மில்லிமீட்டராகக் குறைந்ததும் டயரின் ஆயுள் முடிந்ததாகச் சட்டம் கருதுவதால், உபயோகத்துக்குரிய ஆழம் 6.4 மில்லிமீட்டர்தான். அதில் 1.6 தேய்ந்திருந்தால் கால் பங்கு ஆயுள் கழிந்துவிட்டதாகக் கொண்டு, 6,000 ரூபாய் விலையுள்ள புது டயருக்கு வாடிக்கையாளர் 1,500 ரூபாய் கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் அநியாயம் ஒன்றும் இல்லை. விற்கிற வேளையிலேயே இதைச் சொல்லாமல், தகராறு வந்த பிறகு சொல்வதுதான் கசப்பை உண்டாக்குகிறது.

கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. செய்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் நின்று இரு பக்கத்து வசவையும் ஏற்றுக்கொள்ளும் அவருடைய நிலை பரிதாபத்துக்குரியது. ஆயினும் அவர் கையிலேயே இருக்கும் கடமைகள் சில உண்டு. பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்கின்றன. 1523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் என்று பொருள். ஓடாமல் அடுக்கிலேயே கிடந்தாலும் ரப்பர் மூப்படைகிறது. ஆகவே அந்த இலக்கத்தையும் டயரின் வரிசை எண்ணையும் பில்லில் குறிப்பதும், மாட்டியபோது எத்தனை பவுண்டு காற்று வைத்தார் என்பதை எழுதிக் கொடுப்பதும், ரிம்மில் ஏற்றுகையில் விளிம்புக் கம்பி நெளியாமல் பார்த்துக்கொள்வதும், ஒருபக்கமாகத் தேய்ந்த பழைய டயரைக் கழற்றும்போதே 'அலைன்மென்ட் பாருங்கள்' என்று எச்சரிப்பதும் அவர் செய்யக்கூடியவை. இவற்றைச் செய்கிற கடைகள் இருக்கின்றன. செய்யாத கடைகளே அதிகம் என்று நான் கருதுகிறேன்.

தனித்தனி மனிதர்களுடைய புகார்களை அவரவர் தவறென்று ஒதுக்கிக்கொண்டே போனால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் சரித்திரம் பிரத்தியட்சமான உதாரணம். 1978-லேயே அந்தக் கம்பெனி 'ஃபயர்ஸ்டோன் 500' என்ற ரகத்தில் சுமார் 1.45 கோடி டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. மேற்பட்டை உரிவதே அன்றும் புகார், காற்றைக் கவனியாத சொந்தக்காரர்களே காரணம் என்பதே அன்றும் பதில். 1990-களில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள், டெக்ஸஸ், ஃபுளோரிடா, அரிசோனா முதலிய வெப்பமான மாநிலங்களில், வேகமாக ஓடும்போதே மேற்பட்டை உரிந்து வண்டியைக் கவிழ்த்தன. 1998-இல் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர், தம் மேஜைக்கு வந்த 21 சம்பவங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகாவுக்குத் தெரிவித்தும் பயன் விளையவில்லை. 1999-இல் ஃபோர்டு கம்பெனி சவூதி அரேபியாவில் இந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. அந்தச் செய்தி அமெரிக்க ஜனங்களுக்கு எட்டவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று விஷயத்தை வெளியிட்டது. மே மாதம் அரசாங்க விசாரணை தொடங்கியது. ஆகஸ்டு 9-ஆம் தேதி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இறந்தவர்கள் 271 பேர் என்று அரசாங்கக் கணக்கு பிற்பாடு காட்டிற்று.

அதற்குப் பிறகு அந்த இரு பெரிய கம்பெனிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிய விதம் நம் ஊர் டயர் கடை வாசலில் நடக்கும் வாக்குவாதத்திலிருந்து வேறுபட்டதன்று. 26 பவுண்டு காற்றே போதும் என்று ஃபோர்டு சிபாரிசு செய்ததும், வண்டி எளிதில் கவிழும் அமைப்புடையதாக இருந்ததும் தவறு என்று ஃபயர்ஸ்டோன் சொல்லிற்று. டயரே பழுது என்று ஃபோர்டு சொல்லிற்று. இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் நகரில், 1990-களின் நடுவில் வேலை நிறுத்தத்தின்போது மாற்று ஆட்களைக் கொண்டு நடத்திய தொழிற்சாலையின் டயர்களில் பழுது மிகுந்திருந்ததைப் பின்னர் பொருளாதார ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. ஏறக்குறைய நூறு வருஷத்து வியாபார உறவு 2001 மே மாதத்தில் அறுந்தது. வாரண்டிக் கிளெய்ம்களையும் விபத்துப் புகார்களையும் உற்பத்தியாளர்கள் அரசாங்கத்திடம் தொடர்ந்து சமர்ப்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்த சட்டம் 2000 நவம்பர் 1-ஆம் தேதி நிறைவேறியதுதான் இத்தனை துக்கத்திலும் கண்ட பலன். தனியொருவரின் வாதமாக இருந்தவரை தள்ளப்பட்ட செய்தி, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதுதான் உண்மையென்று துலங்கிற்று.

நம் நாட்டில் டயர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு உத்தரவிட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் அளிக்கும் 110-ஏ பிரிவை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. குறை வாகனத்தின் ஓர் உறுப்பில் இருந்தாலும் அந்த அதிகாரம் செல்லும். ஆனால் சொந்தக்காரர்களிடமிருந்தோ பரிசோதனை நிலையங்களிடமிருந்தோ வேறு வழியிலோ குறை அரசாங்கத்தின் காதுக்கு எட்டிய பிறகே அது இயங்கும். கிளெய்ம் மறுக்கப்பட்ட டயர்களின் விவரமெல்லாம் கடையின் பின்கட்டிலும் கம்பெனியின் கணக்கிலும் அடங்கிவிடுமானால் அந்தப் பிரிவு ஏட்டளவிலேயே நின்றுவிடும். திருவொற்றியூரிலிருந்து அரக்கோணம், ஒரகடம் வரை டயர்த் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கும் தமிழகத்திலிருந்தே, மறுக்கப்பட்ட ஒவ்வொரு கிளெய்முக்கும் புகைப்படத்தோடும் காரணத்தோடும் எழுத்து மூலமான பதில் தர வேண்டும், அதன் நகல் அரசாங்கத்துக்குப் போக வேண்டும் என்ற கோரிக்கை எழுவதுதான் பொருத்தம்.

அதுவரையில் தனி மனிதருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கம்பெனியின் தலைமையிடம் எந்த ஊரில் இருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே அவர் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமும் கிடையாது. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற விதி லாரிக்காரர்களை அச்சுறுத்துகிறது. ஆனால் சுயதொழிலாகத் தம் ஜீவனத்துக்காகவே வாங்கி உபயோகிப்பவரை அந்த விலக்கு தொடுவதில்லை. சங்ககிரியில் நான் பார்த்தவரைப் போன்றோருக்கு இது முக்கியமான செய்தி. பொருளைத் தவறாக உபயோகித்ததால் நேர்ந்தது என்று உற்பத்தியாளர் எதிர்வாதம் செய்யலாம். அத்தகைய இடத்தில் 38-ஆம் பிரிவின்படி, ஆணையமே பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கலாம். டயரின் எழுத்தைக் கட்சி சாராத ஒருவர் படிக்கும் சந்தர்ப்பம் இது ஒன்றுதான். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்கைப் போட வேண்டும். பில்லும் வாரண்டிச் சீட்டும், டயர் வெடித்த இடத்திலேயே எடுத்த புகைப்படங்களும் கைவசம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டயரே இருக்க வேண்டும். பழைய டயருக்குக் கடையில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக அதைக் கொடுத்துவிட்டு வந்தவர் வழக்குப் போட்டாலும், முத்திரையிட்டு அனுப்ப ஆணையத்தின் கையில் ஒன்றும் இராது.