மாசச் சம்பளமா, சொந்தக் காலா?

என் மகள் கம்ப்யூட்டர் புரோகிராமர். எட்டு வருஷ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 'வீட்டிலிருந்தே தனியா புராஜெக்ட் எடுத்துப் பண்றேம்மா' என்றாள். ஆறு மாதம் சம்பளத்தைவிட அதிகமாகவே வந்தது. நானும் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டேன் (வாய் சும்மா இருக்குமா?).

அப்புறம், ஒரு வெளிநாட்டுக்காரர் மூன்று மாத வேலையை வாங்கிக்கொண்டு, பணம் தராமல் கம்பி நீட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து, மகள் முழுகாமல் இருக்கிறாள். கம்பெனியில் இருந்திருந்தால், சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு, பி.எப்.,பில் முதலாளி பங்கு வேறு. தனியாளுக்கு யார் தருவார்?

'பேசாம கம்பெனிக்கே போயேன்டி' என்றேன். 'காலைல ஏழு மணிக்குப் போய், ராத்திரி ஒன்பதுக்கு வந்தா, கைக்குழந்தையை யாரும்மா பாத்துக்குவாங்க?' என்கிறாள். எனக்கோ மூட்டு வலி. பதில் சொல்ல முடியவில்லை.

இப்போதெல்லாம், பாதித் தொகை முன்பணமாக வராமல், அவள் கம்ப்யூட்டரில் கை வைப்பதில்லை.

– ஒரு வாசகி, கோவை.