தேயிலை நாட்டுச் சீனர்

அஸ்ஸாம் காடுகளில் தேயிலைச் செடி இயற்கையாகவே வளர்ந்திருந்தது. சிங்போ மக்கள் அதன் இலையைப் பக்குவம் செய்து பருகியும் வந்தனர். ஆயினும் உலகச் சந்தைக்கு உகந்த முறையில் இலையை வதக்கி, உருட்டி, உலர்த்தும் வித்தை சீனரிடமே இருந்தமையால், 1830-களில் அவர்களில் தேர்ந்த சிலர் அங்கு வரவழைக்கப்பட்டனர். அக்கரங்களின் துணையால் உருவான அஸ்ஸாம் தேயிலை 1839 ஜனவரியில் லண்டன் ஏலத்தில் முதன்முதலாக விலைபோயிற்று.

பின்னர் வந்த சீனர் பலர் தச்சராகவும் வணிகராகவும் மேல் அஸ்ஸாமில் தங்கினர். அவர்கள் திரண்டு வாழ்ந்த மாக்கும் என்னும் ஊரின் பெயரே, சீன மொழியில் கூடுமிடம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது என்று கூறுவோரும் உண்டு. உள்ளூர்ப் பெண்களை மணந்து, அஸ்ஸாமிய மொழி பேசி வளர்ந்த அவர்களின் சந்ததியாருக்குச் சீனம் என்பது பாட்டன் சொன்ன கதையாக மட்டுமே எஞ்சியிருந்தது.

1962 அக்டோபர் 20-ல் இந்திய-சீன எல்லையில் யுத்தம் மூண்டது. போர் ஓய்வதற்கு இரண்டே நாள் முன்பு, நவம்பர் 19-ல், மாக்கும் சீனர் வீடுகளிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர். அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் பிறவிடங்களிலும் பிடிக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 பேர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, நாள்கணக்காக ரயிலில் பிரயாணம் செய்து ராஜஸ்தானத்திலுள்ள தேவ்லி முகாமை அடைந்தனர். அந்நிய ஆட்சி நம் தேசபக்தர்களை ஒருகாலத்தில் அடைத்து வைத்திருந்த இடம் அது.

மறு ஆண்டு முகாமிலிருந்தோரை அழைத்துச் செல்லச் சீனக் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, இந்திய மண்ணிலேயே பிறந்து சீனத்தைக் கண்ணாலும் கண்டிராதவர் பலர் அவற்றில் ஏறிச் சென்றனர். சில குடும்பங்கள் அதனால் நிரந்தரமாகப் பிரிந்தன. சில ஆண்டுகள் கழித்து விடுதலை பெற்று ஊர் திரும்பியவருள் பலர், தம் வீடும் கடையும் பிறர் கைக்குப் போய்விட்டதைக் கண்டனர். இத்துயரத்தை ரீட்டா சௌத்ரி ‘மாகாம்’ என்னும் அஸ்ஸாமிய நாவலாக்கினார்.

போர்க்காலத்தில் விழிப்பாயிருப்பது அரசின் தர்மமே. எனினும் ஒருவர் செய்த காரியத்தை விசாரியாமல், அவர் முகத்தையும் மூதாதையரின் தேசத்தையும் மட்டுமே சாட்சியமாகக் கொண்டது நியாயமாகாது. தேவ்லியில் குழந்தைகளாயிருந்து, இன்று கனடாவிலும் பிறநாடுகளிலும் முதுமையடைந்துவிட்டவர்கள், நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல்லையே நம்மிடம் வேண்டி நிற்கிறார்கள். நாள்தோறும் தேநீர் பருகும் நமக்கு அச்சொல்லைச் சொல்லும் கடமை உண்டு. கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.