மாற்றுத்திறனாளிகளும் கணினி வழி அரச சேவைகளும்

அரச அலுவலகம் ஒன்றின் வாசலில் படிகள் மட்டும் இருந்து சாய்தளம் இல்லாவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நிற்கவேண்டியதுதான். இக்குறையை எவரும் கண்ணால் காணலாம். இன்று அரச சேவைகள் பல கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறிவருகின்றன. அங்கும் படிகள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் அவற்றைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அந்தப் படிகள் எவை, அவற்றை எவ்வாறு நீக்கலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

வன்னிக்கு இது ஏன் முக்கியம்?

2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு இடர்ப்பாடு உண்டு. அவர்கள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வன்னியிலோ, 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் எறிகணைகளாலும் கண்ணிவெடிகளாலும் கை, கால், கண், செவி இழந்தோர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

துணுக்காய், மாந்தை கிழக்கு, பூநகரி, நெடுங்கேணி போன்ற இடங்களின் உட்கிராமங்களிலிருந்து பிரதேச செயலகத்துக்குச் சென்று திரும்புவது நடக்க முடிந்தவருக்கே ஒரு நாள் வேலை. நடக்க முடியாதவர் முச்சக்கர வண்டி பிடிக்கவேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கவேண்டும். ஆகவே வீட்டிலிருந்தபடியே அலுவலை முடிக்கும் வழி வந்தால், அதனால் மிகுந்த பயன் பெறவேண்டியவர் மாற்றுத்திறனாளியே. ஆனால் அவரை மனதில் வைத்து அவ்வழி அமைக்கப்படாவிட்டால், முதலில் விடுபடுபவரும் அவரே.

இது வருங்காலத்துக்குரிய கவலை அல்ல. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இணையத்தளத்தில் பதிந்து கியூஆர் குறியீடு பெற்றவருக்கே எரிபொருள் பங்கிடப்பட்டது. 2023 இல் 'அஸ்வெசும' கொடுப்பனவு தொடங்கியபோது மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இணையத்தளம் ஊடாகவும் பெறப்பட்டன. அதே ஆண்டில் கடவுச்சீட்டு விண்ணப்பமும், 2025 பெப்ரவரியில் அரசுக்குச் செலுத்தவேண்டிய பணத்துக்கான 'கவ்பே' முறையும் இணையத்துக்கு வந்தன.

தடைகள் எவை?

விழிப்புலனற்றோர் கணினியையும் கைத்தொலைபேசியையும் தாமே பயன்படுத்துகின்றனர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். திரையிலுள்ள எழுத்தை உரத்து வாசிக்கும் மென்பொருள்கள் உள்ளன. விழிப்புலனற்ற அவுஸ்திரேலியரான மைக்கேல் கறன் 2006 இல் தொடங்கிய 'என்விடிஏ' இலவசமானது. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் 'டோக்பேக்' என்னும் வசதி உண்டு. இவற்றால் தமிழையும் வாசிக்கச் செய்யலாம்.

ஆனால் வாசிப்பதற்கு அங்கே உண்மையான எழுத்து இருக்கவேண்டும். சுற்றறிக்கையை ஒளிப்படமாக ஏற்றினால் மென்பொருளுக்கு அது வெறும் படமே. எமது அலுவலகங்களில் நெடுங்காலம் பழகிப்போன 'பாமினி' எழுத்துருவிலும் இதே சிக்கல்தான். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது மட்டுமே. அதில் தட்டிய 'அம்மா' என்ற சொல் கண்ணுக்கு அம்மாவாகத் தெரியும். மென்பொருளுக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையே. அதே சொல்லை யூனிகோட் முறையில் தட்டினால் அது 'அம்மா' என்றே வாசிக்கும். இதற்குச் செலவு எதுவுமில்லை. பழக்கத்தை மாற்றினால் போதும்.

படிவத்தின் கட்டங்களுக்குப் பெயரிடாமல் விட்டால், எது பெயருக்குரியது, எது அடையாள அட்டை இலக்கத்துக்குரியது என்று அவருக்குத் தெரியாது. கோணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனை அவரை முற்றாகவே நிறுத்திவிடும்.

செவிப்புலனற்றவருக்குத் தடை வேறு வகையானது. 1919 என்ற அரச தகவல் நிலையம் மும்மொழியிலும் விடை தருவது நல்ல சேவை. ஆனால் கேட்க முடியாதவர் தொலைபேசி அழைப்பால் என்ன செய்வார்? அவருக்கு எழுத்து வழிச் செய்தி வேண்டும். கையிழந்தவருக்கு, குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தைக் குறித்த நேரத்துக்குள் தட்டி முடிப்பது சிரமம். விரலடையாளம் கேட்கும் இடத்தில் விரல் இல்லாதவருக்கு மாற்றுவழி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து உள்ளே சென்றால் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. அது எல்லோருக்கும் தடை. விளங்கிக்கொள்வதில் இடர்ப்படுவோருக்கு இரட்டைத் தடை.

இதன் விளைவு என்ன? மாற்றுத்திறனாளி கொமினிகேஷன் கடைக்கோ அயலவரிடமோ சென்று, தமது அடையாள அட்டை, வங்கிக் கணக்கு இலக்கம், இரகசிய இலக்கம் அனைத்தையும் ஒப்படைக்க நேருகிறது. உதவுபவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் தமது நோயையும் வருமானத்தையும் பிறர் அறியாமல் வைத்திருக்கும் உரிமை அவருக்கு இல்லாமற் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. 2006 இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. இவை பெரிதும் கட்டடங்களைப் பற்றியவை. எனினும் 2016 இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, கட்டடங்களோடு தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது.

பிற நாடுகளில் இது நீதிமன்றம் வரை சென்றுள்ளது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 இல் அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. அமில வீச்சினால் முகம் சிதைந்தோர், வங்கி அடையாளச் சோதனைக்காகக் கண் இமைத்துக் காட்டுமாறு கேட்கப்பட்டு, முடியாமல் திரும்பியிருந்தனர். கணினி வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என அந்நீதிமன்றம் கூறி, மாற்றுவழிகளை அமைக்குமாறு பணித்தது.

நாம் செய்யக்கூடியவை

வலைத்தளங்களுக்கான சர்வதேச அணுகல் நெறிகள் 1999 முதல் உள்ளன. 2023 இல் புதுப்பிக்கவும் பட்டன. அவற்றின் சாரம் நான்கு: உணரக்கூடியதாக, இயக்கக்கூடியதாக, விளங்கக்கூடியதாக, எக்கருவியிலும் நிலைக்கக்கூடியதாக இருத்தல். திணைக்களங்கள் புதிய மென்பொருளுக்கு ஒப்பந்தம் எழுதும்போதே இந்நெறிகளை நிபந்தனையாகச் சேர்க்கவேண்டும். கட்டி முடித்தபின் திருத்துவது செலவு கூடியது.

பொறுப்புள்ள அலுவலர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்யலாம். கணினியின் மவுசைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பின் கைத்தொலைபேசியில் 'டோக்பேக்' வசதியை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு முயலுங்கள். எங்கே தடைப்படுகிறீர்களோ அங்கேதான் படி இருக்கிறது. அதைவிட மேலானது, மாற்றுத்திறனாளிகள் சிலரை அழைத்து அவர்களைக் கொண்டே சோதிப்பது.

கணினி வந்தது என்று பழைய வழியை மூடிவிடவும் கூடாது. கடதாசிப் படிவமும், முகம் பார்த்து உதவும் அலுவலரும், கிராம அலுவலரின் வீட்டு வருகையும் தொடரவேண்டும்.

கிராம மட்டத்தில், மாற்றுத்திறனாளிகள் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இளைஞர் ஓரிருவரைப் பயிற்றலாம். அவர்கள் படிவத்தைத் தாமே நிரப்பிக் கொடுப்பவர்களாக அன்றி, மாற்றுத்திறனாளி தாமே நிரப்பக் கற்பிப்பவர்களாக இருத்தல் நன்று. எவராவது எங்காவது தடைப்பட்டால், இடம், நாள், நடந்தது ஆகியவற்றை எழுதிப் பிரதேச செயலாளருக்கு அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன குறை மறக்கப்படும்; எழுதிக் கொடுத்த குறைக்குப் பதில் கேட்கலாம்.