தோற்ற காசும் மறைத்த துக்கமும்

மாதம் 25ஆம் திகதி சம்பளம் விழுகிறது. 28ஆம் திகதி கணக்கில் ஒன்றுமில்லை. அம்மா கேட்டால், "கிராங்கன்காசே பில் கட்டினேன்" என்று ஒரு பொய். அடுத்த மாதம் அதை மறைக்க இன்னொரு பொய்.

அன்பான தம்பி தங்கைமாரே, சூதாட்டத்தில் முதலில் போவது காசுதான். அதன் பின்னால் நித்திரை போகிறது, சாப்பாட்டு ருசி போகிறது, வீட்டாரின் முகத்தைப் பார்க்கும் தைரியமும் போகிறது. சபையில் நாம் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்றைக்காவது பேசுவோம்.

ஆராவிலிருந்து பாடன் கசினோவுக்கு ரயிலில் அரைமணி நேரம்தான். இப்போது அந்தப் பயணமும் தேவையில்லை. 2018 ஜூன் 10ஆம் திகதி வாக்கெடுப்பில் ஏறக்குறைய 73 வீதமானோர் ஆதரித்த பணவிளையாட்டுச் சட்டம், 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமம் பெற்ற கசினோக்கள் இணையத்திலும் விளையாட்டு நடத்தலாம். தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கைத்தொலைபேசியே கசினோவாகிவிட்டது.

தோற்றவர் ஏன் திரும்பவும் போகிறார்? 100 பிராங் கிடைக்கும் சந்தோஷத்தைவிட 100 பிராங் இழக்கும் வலி பெரிது என்று டானியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். அந்த வலி பொறுக்காமல்தான் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று மறுபடி காசைக் கட்டுகிறோம். கடன் கூடுகிறது, வெட்கமும் கூடுகிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே வகையில் சேர்த்தது. ஆகவே "மனம் வைத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்வது மட்டும் போதாது.

நம் வீடுகளில் இன்னொரு பாரமும் உண்டு. அப்பா உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு இது என்ற நினைவு பிள்ளையைக் குத்துகிறது. "சனம் என்ன சொல்லும்" என்ற பயம் வாயை அடைக்கிறது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுப் பலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் 2022இல் அங்கே தடைச் சட்டம் நிறைவேறியது. மௌனம் அவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

பெற்றோரே, "எவ்வளவு போச்சு?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். "எப்போதிருந்து தனியாகச் சுமக்கிறாய்?" என்று கேளுங்கள். கடனை இரகசியமாக அடைத்துவிடுவதும் உதவியல்ல. அடுத்த ஆட்டத்துக்கு அது வழி திறந்துவிடும். சில மாதங்கள் வங்கிக் கணக்கைச் சேர்ந்து பாருங்கள்.

'ஷ்பீல்ஷ்பெர்ர' என்ற தடையை ஒருவர் தானே கேட்டுப் பெறலாம். சுவிஸ் கசினோக்கள் எல்லாவற்றுக்கும், அவற்றின் இணைய விளையாட்டுக்கும் அது செல்லும். 0800 040 080 என்ற இலக்கத்தில் இலவசமாகப் பேசலாம். மனம் உடைந்த இரவுக்கு 143 இருக்கிறது.

சொத்தையெல்லாம் அழித்துவிட்டு வந்த இளைய குமாரனைத் தகப்பன் முதலில் கட்டிப்பிடித்தார், கணக்குக் கேட்கவில்லை. வாலிபர் கூட்டம் முடிந்த பிறகு நாங்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம். வந்து பேசுங்கள். நாங்களும் கணக்குக் கேட்கமாட்டோம்.