பழைய காரும் சொந்தக் கையும்

லேத்தும் டிரில்லிங் யந்திரமும் இரவு பகலாகச் சுழலும் பீன்யா தொழிற்பேட்டையில், கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, பெங்களூரிலேயே குடும்பமாக நிலைத்துவிட்ட தமிழர் அநேகர். பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் கடன் வாங்கியோ, செகண்ட் ஹேண்டிலோ வாங்கிய ஒரு சிறு கார் அவர்களில் பலருடைய வீட்டு வாசலில் நிற்கிறது. விற்றால் சொற்பப் பணமே வரும், புதிது வாங்கவோ வசதி போதாது, சர்வீஸ் சென்டருக்குப் போனால் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும் என்ற நிலையில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் செய்த உறுப்பை ஒதுக்கிவிடும் அந்தத் தேர்ந்த கை, தன் காரின் பானெட்டைத் தானே திறந்து பார்ப்பது இயற்கையே. அது போற்றத்தக்க சுபாவமும் ஆகும். ஆயினும், அந்தக் கைக்குச் சட்டம் அளித்திருக்கும் உரிமை எவ்வளவு, அந்த உரிமை எங்கே முடிந்து பிறர் உயிரைக் காக்கும் கடமை தொடங்குகிறது, நஷ்டம் நேர்ந்தால் எந்த வாசலைத் தட்டுவது என்ற மூன்று விஷயங்களையும் அறியாதவர், ஒன்று வீணாகப் பயந்து காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார். அல்லது வீணான துணிச்சலில் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

பதினைந்து வருஷம் என்ற பயம்

பதினைந்து வருஷமான காரைச் சாலையில் ஓட்டவே கூடாது, சர்க்கார் பிடுங்கிக்கொண்டு உடைத்துவிடும் என்ற வதந்தி நெடுநாளாக உலவுகிறது. டில்லியிலும் அதைச் சூழ்ந்த பிரதேசத்திலும், காற்று மாசின் காரணமாக, பத்து வருஷமான டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து வருஷமான பெட்ரோல் வண்டிகளுக்கும் நீதிமன்றங்கள் விதித்த தடையே இந்த வதந்திக்கு மூலம். கர்நாடகத்தில் சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு அத்தகைய தடை இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, சொந்தக் காரின் பதிவுச் சான்று 15 வருஷம் செல்லும், அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, அது ஓடத் தகுதியுடையது என்று அதிகாரி திருப்தியடைந்தால், ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். காலாவதியாவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்குரிய கட்டணம் காருக்கு 5,000 ரூபாய்; 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, இருபது வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ரூபாயாக்கியது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் கூடுதலாகக் கட்ட நேரும். மாநிலத்தின் பசுமை வரி தனி. பழைய வண்டிகளை உடைக்கக் கொடுக்கும் மத்திய சர்க்காரின் திட்டமோ, சொந்தக் கார்க்காரரைப் பொறுத்தவரை அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஊரில் வாங்கிய, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரைப் பீன்யாவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருப்பவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஒரு வண்டி வேறு மாநிலத்தில் இருக்குமாயின், அந்த மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு. பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று பெற்று, அதோடு இங்கே விண்ணப்பிப்பதே முறை.

ரிப்பேர் செய்யும் உரிமை

தன் காரைத் தானே பழுது பார்ப்பதையோ, தெருமுனை மெக்கானிக்கிடம் விடுவதையோ தடுக்கும் சட்டம் நம் நாட்டில் எதுவும் கிடையாது. ஆனால் சட்டம் தடுக்காததைக் கம்பெனிகள் தடுத்து வந்த காலம் ஒன்று உண்டு. ஒரிஜினல் உதிரிபாகங்களையும், இஞ்சினின் கோளாற்றைக் கண்டறியும் கருவிகளையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களுக்கு மாத்திரம் கொடுத்து, வெளி மெக்கானிக் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தி வந்தன. இது நியாயமான போட்டியைக் குலைப்பதாகும் என்று 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி தீர்ப்பளித்த இந்தியப் போட்டி ஆணையம், 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுமாறும், வெளியில் ரிப்பேர் செய்ததையே காரணமாகக் காட்டி வாரண்டி முழுவதையும் ரத்து செய்யலாகாது என்றும் உத்தரவிட்டது. மேல்முறையீட்டுக்குப் போன சில கம்பெனிகளின் அபராதத்தை 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் குறைத்ததாயினும், அவை செய்தது தவறே என்பதை உறுதிப்படுத்தியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கார் ரிப்பேர் உரிமையைக் கேட்டு 2012-இல் ஜனங்களே வாக்களித்துச் சட்டமாக்கிக்கொண்டதும் இதே நியாயத்தைப் பற்றியே. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் ரிப்பேர் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதன் வரம்பில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது.

எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது

உரிமை இருப்பதனாலேயே திறமையும் சாதனமும் வந்துவிடுவதில்லை. இஞ்சின் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றுவது, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது, வைப்பர், பல்பு, ஃப்யூஸ் மாற்றுவது, பாட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைப்பது, டயரில் காற்றைச் சரிபார்ப்பது ஆகியவற்றைக் கொஞ்சம் சிரத்தையுள்ள எவரும் வீட்டிலேயே செய்யலாம். இவற்றிலும் எச்சரிக்கை வேண்டியவை உண்டு. டிக்கியில் வைத்துக் கொடுக்கப்படும் ஜாக், பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும் நேரத்துக்கென ஏற்பட்டதே தவிர, அதை நம்பிக் காருக்கு அடியில் படுப்பதற்கு ஏற்பட்டதல்ல. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இருபுறமும் ஜாக் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்டு 100 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டடிக்கும். அடித்தளப் பார்க்கிங்கில் இஞ்சினை ஓடவிட்டு வேலை செய்தால், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு மயக்கத்தில் ஆழ்த்தி உயிரையே பறித்துவிடும். இனிப்பாயிருக்கும் பச்சைக் கூலன்ட், குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் கொடிய விஷம்.

இனி, பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக், பெட்ரோல் குழாய் ஆகிய ஐந்தும் வேறு ஜாதியைச் சேர்ந்தவை. இவற்றைப் பார்த்து அறிவது உங்கள் வேலை, பழுது நீக்குவது பழகிய மெக்கானிக்கின் வேலை. பிரேக் ஆயில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள சிறு டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் கீழ்க்கோட்டை நெருங்கினால் உடனே கொஞ்சம் ஊற்றி நிரப்பித் திருப்தியடைவது பலருடைய வழக்கம். ஆயில் மட்டம் தானாக இறங்காது. பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிவு இருக்க வேண்டும். ஊற்றி நிரப்புகிறவர், அந்த எச்சரிக்கையைத் தாமே அழித்துவிடுகிறார். அன்றியும், இந்த ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. சீல் பிரித்த புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காத டாட் 3 தர ஆயில், ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் தொப்பூர் கணவாயில், குடும்பத்தோடு பண்டிகைக்கு ஊர் போகும்போது, இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவரின் சக்கரங்களில் அந்த உஷ்ணம் ஏறி, ஆயிலில் ஆவிக்குமிழ் தோன்றினால், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருஷத்துக்கொருமுறை முழு ஆயிலையும் மாற்றச் சொல்வதையும், பழைய பாட்டிலின் மிச்சத்தை உபயோகிக்காமலிருப்பதையும், இறக்கத்தில் கீழ் கியரில் வருவதையும் விதியாகக் கொள்ள வேண்டும்.

பெட்ரோல் குழாய்க்கும் இக்காலத்தில் விசேஷ கவனம் தேவை. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பெரும்பாலும் பங்க்குகளில் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல கார்களின் ரப்பர் குழாய்களும் சீல்களும் அதற்கென அமைக்கப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாசனை வந்தாலோ, குழாயில் வெடிப்பும் பிசுபிசுப்பும் தெரிந்தாலோ, மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் மாற்றிவிட வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் நிற ஒயரைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரவேண்டாம்.

பீன்யாவுக்கே உரிய ஒரு சபலமும் உண்டு. பக்கத்து ஷெட்டில் லேத் இருக்கிறது, நண்பர் இருக்கிறார் என்பதற்காக, ஸ்டியரிங் மூட்டையோ பிரேக் உறுப்பையோ கைக்குக் கிடைத்த இரும்பில் கடைந்து மாட்டுவதே அது. அளவு அச்சாகப் பொருந்தினாலும், உலோகத்தின் ஜாதியும் அதற்கு ஊட்டப்பட்ட வெப்பப் பக்குவமும் பொருந்தியிருக்கின்றனவா என்பதைக் கண்ணால் காண முடியாது; விரிசல் உள்ளே தொடங்கி, வேகத்தில் முறியும். போலி உதிரிபாகங்களுக்கும் இதே அபாயம் உண்டு; ஆகையால் பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வாங்கும்போது, பெட்டியின் மேலுள்ள பார்ட் நம்பர், விலை, தயாரித்த தேதி ஆகியவற்றைப் பார்த்து, அதே நம்பரைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். ‘பில் இல்லையென்றால் விலை குறைவு’ என்பது, நாளைய பரிகாரத்தை இன்றே விற்றுவிடச் சொல்லும் பேச்சு.

கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது, 2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளுக்கு விரோதமானது மட்டுமல்ல, ஏற்கெனவே முலாம் பூசும் பட்டறைகளின் குரோமியத்தால் நிலத்தடி நீர் கெட்டுப்போன பீன்யாவுக்குச் செய்யும் துரோகமும் ஆகும். கேனில் பிடித்து, கழிவு ஆயிலை முறையாகச் சேகரித்தனுப்பும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். பழைய பாட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

சட்டம் விதிக்கும் எல்லை

ரிப்பேர் வேறு, மாற்றியமைத்தல் வேறு. பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காஸ் கிட் பொருத்துவதற்கும் இஞ்சினையே மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ.வின் அனுமதியும் சான்றில் திருத்தமும் அவசியம். மீறினால், 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ நேரலாம்.

அதைவிட முக்கியமானது 190-ஆம் பிரிவு. வண்டியில் அபாயகரமான குறை இருப்பதை அறிந்து ஓட்டியவர் மட்டுமன்றி, சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் அறிந்திருக்கக்கூடியவரும் குற்றவாளியே என்கிறது அது. அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையினால் ஒருவருக்குக் காயம் நேர்ந்தால், மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘எனக்குத் தெரியாது’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. புகைச் சான்றும் அவ்வாறே தவறக்கூடாதது, பி.எஸ். 4 என்னும் புகைத் தரம் முதற்கொண்டு வந்த கார்களுக்கு ஓராண்டும், அதற்கு முற்பட்டவற்றுக்கு ஆறு மாதமும் அது செல்லும்.

நஷ்டம் நேர்ந்தால் பரிகாரம்

பரிகாரம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் காகிதத்தைப் பொறுத்தது. பட்டறையில் வண்டியை விடும்போதே, செய்ய வேண்டிய வேலையையும் உத்தேசச் செலவையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். நீங்களே செய்த வேலையையும், தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் ஒரு நோட்டில் குறித்து, உறுப்பு வாங்கிய பில்லை அதனுடன் இணையுங்கள். பில் கொடுக்க மறுப்பதே 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வாணிபம்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினாலோ, போலி உறுப்பைப் பொருத்தினாலோ, முதலில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பதில் இல்லையாயின், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம். தமிழ், கன்னடம் உட்பட 17 மொழிகளில் பேச வசதி உண்டு. அதிலும் தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. குறை நேர்ந்த இரண்டு வருஷத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே, வக்கீல் இல்லாமலும் வழக்குத் தொடுக்கலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமே இல்லை. உறுப்பில் குறை என்று சொன்னால், ஆணையம் அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பக்கூடுமாதலால், முறிந்த உறுப்பைக் குப்பையில் எறியாமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டை மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியும் பயனில்லையெனில், ஒரு வருஷத்துக்குள் பெங்களூரிலேயே உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் செலவின்றி முறையிடலாம். வண்டியை நல்ல ஸ்திதியில் வைத்திருப்பது பாலிசியின் நிபந்தனையாதலால், உங்கள் ரிப்பேர் நோட்டே அங்கும் முதற்சாட்சி. உற்பத்திக் குறைக்காகக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறதா என்பதையும், சேசிஸ் நம்பரைக் கொண்டு அவ்வப்போது விசாரியுங்கள். அந்தப் பழுதை இலவசமாகவே நீக்கிக் கொடுப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பதிவுச் சான்றை எடுத்து அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். புகைச் சான்றையும் இன்ஷூரன்ஸையும் பாருங்கள். பிரேக் ஆயிலின் மட்டத்தையும் பெட்ரோல் குழாயையும் பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய காரை வைத்திருப்பது ஏழ்மையின் அடையாளமும் அன்று, குற்றமும் அன்று. உழைத்துச் சேர்த்த பொருளை வீணாக்காமல் பேணும் சிக்கனத்தைச் சட்டமும் ஆதரிக்கிறது. நம் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் எதிரே வரும் முன்பின் அறியாத மனிதர் சாலையைக் கடக்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவராக நடப்பவருக்கே ரிப்பேர் செய்யும் உரிமை முழுமையாகச் சொந்தமாகிறது.