பொதியின் அளவும் பண்டத்தின் விலையும்

பண்டங்களை அளக்கும் கருவியை அரசு வரையறுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. இராசகேசரிக்கு ஒத்ததாகிய 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிலே குறிக்கப்படுதலைக் கற்றோர் அறிவர். அளவை ஒன்றாயின் விலைகளை ஒப்புநோக்கலாம். எமது சபரகமுவத் தோட்டங்களிலும் கொத்தும் சுண்டும் இறாத்தலும் நெடுங்காலம் வழங்கின. 1970களிலே மெற்றிக் முறை புகுந்த பின்னரும் 'இறாத்தற் பாண்' என்ற பெயர் மட்டும் நீங்கவில்லை.

அக்காலத்தில் கடைக்காரர் எம் கண்முன்னே நிறுத்துக் கொடுத்தார். இக்காலத்திலோ பண்டம் பொதியப்பட்டே கடைக்கு வருகின்றது. பொதிக்குள் எத்தனை கிராம் இருத்தல் வேண்டும் என்பதை ஆக்குவோன் தன் விருப்பப்படி முடிவுசெய்யலாமா, அன்றி அரசு வரையறுத்தல் வேண்டுமா என்பதே வினா.

ஐரோப்பாவிலே 1975ஆம், 1980ஆம் ஆண்டுகளிற் பிறந்த கட்டளைகள் பல பண்டங்களுக்குப் பொதி அளவுகளை வரிசைப்படுத்தின. பின்னர் பெல்ஜியத்திலே 33 சென்ரிலீற்றர் கொண்ட அப்பிள் மதுப் போத்தல் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. ஓர் உறுப்பு நாட்டிலே முறைப்படி விற்கப்படும் போத்தலை, வரிசையில் இல்லாத அளவினது என்பதற்காக மட்டும் மற்றொரு நாடு பொதுவாகத் தடுத்தலாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஒரு சிறு போத்தல் பெருஞ்சட்டத்தை அசைத்தவாறு காண்க! 2007ஆம் ஆண்டின் புதிய கட்டளை 2009 ஏப்ரில் 11 முதல் நடைமுறைக்கு வந்து, திராட்சை மதுவும் வடிமதுவும் நீங்கலாக ஏனையவற்றின் அளவுக் கட்டுப்பாட்டை அகற்றிற்று. பால், வெண்ணெய், கோப்பி முதலியவற்றுக்கு 2012 வரையும், வெண்சீனிக்கு 2013 வரையும் தவணை கிடைத்தது. இந்தியாவும் தேயிலை, பிஸ்கற்று, உப்பு உள்ளிட்ட 19 வகைப் பண்டங்களுக்கு இருந்த அளவுப் பட்டியலை 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கி, நிறையலகு ஒன்றின் விலையைப் பொதியிற் பொறிக்குமாறு விதித்தது.

ஐரோப்பியர் துணிந்து கட்டவிழ்த்தமைக்கு இவ்வலகு விலையே காரணம். கிலோகிராமுக்கு அல்லது லீற்றருக்கு என்ன விலை என்பதைக் கடையிற் காட்டுமாறு 1998ஆம் ஆண்டின் கட்டளை பணித்திருந்தது. அது கண்ணெதிரே இருப்பின் பொதி எவ்வளவினதாயினும் கொள்வோர் ஏமாறார் என்பது அவர் துணிபு. ஆயினும், சிறு கடைகளுக்கு விலக்களிக்கவும் அக்கட்டளை இடந்தந்தது. எமது கவலை இவ்விடத்திலேயே. இறக்குவானையிலும் தெரணியகலையிலும் லயங்களுக்கு அருகே உள்ளவை சிறு கடைகளே. அவற்றிற் பொதியின் விலையைக் கண்டோம். கிலோவின் விலையைக் கண்டோமில்லை.

மாணவரை வீட்டிலிருந்து வெறும் பொதிகளைக் கொணருமாறு ஒருநாள் பணித்தோம். சவர்க்காரத் தூளும் பிஸ்கற்றும் பால்மாவுமாக மேசை நிறைந்தது. ஒரே வகைப் பண்டத்திலும் அளவுகள் பலவாயிருந்தன. கணக்கிற்காக இரு பொதிகளைக் கொள்வோம்: 200 கிராம் 300 ரூபா, 170 கிராம் 272 ரூபா. முன்னையது கிலோ 1500 ரூபா, பின்னையது 1600 ரூபா. கையில் 280 ரூபாவுடன் நிற்கும் தாய்க்குப் பின்னையதே மலிவு, அதையே வாங்குவாள். அவள் கணக்கறியாதவள் அல்லள். கொழுந்து நிறுக்குமிடத்தில் தன் கூடையின் கழிவைக் கிராம் தவறாது கேட்பவள். கடையிற் கேட்பதற்கு வேண்டிய எண்ணே அவள் முன் இல்லை.

இலங்கை பாணின் மட்டில் மறுவழி சென்றது. முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்ற நிர்ணயத்தை 2024 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. பழைய இறாத்தல் ஏறத்தாழ 453.6 கிராம், ஆதலின் பெயர் பெரிதும் பொய்யாகவில்லை. அவ்வறிவித்தலை வகுப்பிற் படித்த மறுவாரம், மாணவன் ஒருவன் கடையிற் பாணைத் தராசில் வைக்குமாறு கேட்டானாம். கடைக்காரர் முதலிற் சினந்தார், பின்னர் வைத்தார்.